எதை எடுப்பது? இரண்டாம் ஆண்டில் தயங்கும் சட்ட மாணவர்கள்

புது தில்லி: சட்டக் கல்லூரியில் முதலாண்டு மாணவருக்குத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம், குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம் என எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்து கொடுத்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் காலடி வைத்ததும் நிலைமை மாறுகிறது. அறிவிப்புப் பலகையில் விருப்பப் பாடங்களின் பட்டியல் ஒட்டப்படுகிறது. குறித்த நாளுக்குள் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். சட்டப் படிப்பில் மாணவர் தாமாக எடுக்கும் முதல் முடிவு அநேகமாக இதுதான்.

மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் பல இடங்களிலும் இந்தத் தேர்வு இரண்டாம் ஆண்டில் தொடங்குகிறது. பள்ளிப் படிப்பு முடித்ததும் சேரும் ஐந்தாண்டுப் படிப்பில் இது சில பருவங்கள் தள்ளி வருகிறது. எப்போது வந்தாலும் கேள்வி ஒன்றே: எதிர்காலத்தில் எந்த நீதிமன்றத்தின் வாசலில் நிற்கப் போகிறோம் என்பதே தெரியாத நிலையில், எந்தச் சட்டத்தைப் படிப்பது?

விதிகள் சொல்வது என்ன?

நாடு முழுவதும் சட்டப் படிப்பின் தரத்தை வரையறுக்கும் பொறுப்பு இந்திய பார் கவுன்சிலிடம் உள்ளது. அந்த அமைப்பு 2008-ல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி, சட்டப் பட்டம் பெற விரும்பும் ஒருவர் 20 கட்டாயப் பாடங்களைப் படித்தாக வேண்டும். அரசமைப்புச் சட்டம், சொத்துச் சட்டம், சாட்சியச் சட்டம், உரிமையியல் நடைமுறைச் சட்டம், நிறுவனச் சட்டம், வரிச் சட்டம், தொழிலாளர் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றுடன் 4 செய்முறைப் பாடங்களும் உண்டு. மனுக்களும் பத்திரங்களும் எழுதும் முறை, வழக்கறிஞர் தொழில் நெறி, மாற்று முறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றப் பயிற்சி என்பன அவை. இதற்கு மேல் குறைந்தது 6 விருப்பப் பாடங்களை மாணவர் படிக்க வேண்டும். ஆக மொத்தம் 30 பாடங்களில் ஐந்தில் ஒரு பங்கு மாணவரின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது.

விருப்பப் பாடங்களை விதிகள் பல தொகுதிகளாகப் பிரித்துள்ளன. அரசமைப்பு, வணிகம், பன்னாட்டு வர்த்தகம், குற்றமும் குற்றவியலும், பன்னாட்டுச் சட்டம், வேளாண்மை, அறிவுசார் சொத்துரிமை எனத் தொகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றின் கீழும் பல பாடங்கள் இடம்பெற்றுள்ளன. தாளில் பார்த்தால் விருந்துப் பந்தி போலத்தான் தோன்றும்.

ஆனால் எல்லாப் பாடங்களையும் எல்லாக் கல்லூரிகளும் நடத்த வேண்டும் என்று விதிகள் கூறவில்லை. பல்கலைக்கழகம் விரும்பினால் சில பாடங்களை மட்டும் பொதுவாக வைத்துக் கொள்ளலாம். அதனால் பல கல்லூரிகளில் ஆசிரியர் எந்தப் பாடத்துக்கு இருக்கிறாரோ அதுவே விருப்பப் பாடமாகிறது. போதிய மாணவர் சேராத பாடம் அந்தப் பருவத்தில் கைவிடப்படுவதும் உண்டு. படிவத்தில் மூன்று பாடங்கள் இருக்கும். வகுப்பு நடப்பது ஒன்றுக்குத்தான் என்ற நிலையில், விருப்பம் என்பது பெயரளவில் நின்றுவிடுகிறது.

கேட்டறிய ஆள் இல்லாதவர்கள்

இரண்டாம் ஆண்டு மாணவரின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுத்தரும் நடைமுறைச் சட்டங்களை அவர் இன்னும் முழுமையாகப் படித்திருக்க மாட்டார். நிறுவனச் சட்டம் என்றால் என்னவென்று தெரிவதற்கு முன்பே, அதன் கிளையான போட்டிச் சட்டத்தையோ திவால் சட்டத்தையோ எடுப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது பெரிய சுமையல்ல. இரவு உணவின்போது தந்தையிடமோ அத்தையிடமோ கேட்டுக் கொள்ளலாம். எந்தப் பிரிவில் வழக்குகள் பெருகுகின்றன, எந்தத் தீர்ப்பாயத்தில் இளம் வழக்கறிஞருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பது அவர் வீட்டிலேயே பேசப்படும் செய்தி. குடும்பத்தில் முதன்முறையாகக் கறுப்பு அங்கி அணியப் போகும் மாணவருக்கு அத்தகைய வழிகாட்டி இல்லை. அவர் மூத்த மாணவர்களை நாடுகிறார்.

மூத்த மாணவர்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் மூன்று வகைப்படும். எந்தப் பாடத்தில் மதிப்பெண் எளிதாகக் கிடைக்கும் என்பது ஒன்று. எந்தப் பாடத்துக்குப் பழைய வினாத்தாள்களும் குறிப்புகளும் கைவசம் உள்ளன என்பது இன்னொன்று. எந்தப் பாடம் படித்தால் பெரிய சட்ட நிறுவனங்களில் வேலை கிடைக்கும் என்பது மூன்றாவது. மூன்றும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஆனால் மூன்றிலுமே அந்தப் பாடம் எதைப் பற்றியது என்ற பேச்சு வருவதில்லை.

வளாகத்துக்குள்ளேயே ஒரு பாடம்

விருப்பப் பாடங்களில் இன்று மாணவர்களை அதிகம் ஈர்ப்பனவற்றுள் ஒன்று அறிவுசார் சொத்துரிமைச் சட்டம். தில்லி மாணவர்கள் அதன் பொருளை உணர நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் சட்டப் புலம் 1924-ல் தொடங்கப்பட்டது. வடக்கு வளாகத்தில் அது அமைந்துள்ள பகுதிக்கு அருகிலேயே தில்லி பொருளாதாரக் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கிருந்த ராமேஸ்வரி என்ற நகலகம், ஆசிரியர்கள் பரிந்துரைத்த நூல்களின் பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து மாணவர்களுக்கு விற்று வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் அந்த நகலகத்தின் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் 2012-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. பதிப்புரிமை மீறப்படுகிறது என்பது அவற்றின் வாதம்.

2016 செப்டம்பர் 16 அன்று தனி நீதிபதி அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதற்கு 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. அதே ஆண்டு டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, விலக்கின் பரந்த பொருளை ஏற்றுக்கொண்டது. நகலெடுக்கப்பட்ட பகுதிகள் கற்பித்தலுக்குத் தேவைப்பட்டவைதாமா என்பதை மட்டும் விசாரணையில் முடிவு செய்யுமாறு கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஒரு நகலகத்தின் இயந்திரச் சத்தத்துக்குப் பின்னால் இத்தனை பெரிய சட்டக் கேள்வி இருந்திருக்கிறது. எழுதியவனின் உழைப்புக்கும் படிப்பவனின் தேவைக்கும் இடையே கோடு எங்கே கிழிக்கப்பட வேண்டும் என்பதே அக்கேள்வி. இதில் ஆர்வம் கொண்ட மாணவர் அந்தப் பாடத்தைத் தயங்காமல் எடுக்கலாம். காப்புரிமை வழக்குகளில் கட்டணம் அதிகம் என்று யாரோ சொன்னதை மட்டும் நம்பி எடுப்பவருக்கு முதல் மாதமே அலுப்புத் தட்டும்.

மன்றங்கள் மாறுகின்றன

சந்தையை மட்டும் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுப்பதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. சட்டங்களும் அவற்றை விசாரிக்கும் மன்றங்களும் நிலையானவை அல்ல.

அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி வந்தது. 2021 ஏப்ரலில் அது கலைக்கப்பட்டு, வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் இதற்கெனத் தனிப் பிரிவை உருவாக்கியது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அத்தகைய பிரிவு வந்தது. வாரியத்தின் நடைமுறையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த அறிவு ஒரே நாளில் பழங்கதையாயிற்று. காப்புரிமையின் அடிப்படைகளைக் கற்றவருக்கு மன்றம் மட்டுமே மாறியது.

வணிகச் சட்டத்திலும் இதே கதைதான். ஏகபோக வர்த்தகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2009-ல் விடைபெற்று, 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நொடிந்த நிறுவனங்கள் பற்றிய திவால் சட்டத் தொகுப்பு 2016-ல் நிறைவேற்றப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னர் பாடம் தேர்ந்தெடுத்த மாணவருக்கு அப்படியொரு சட்டம் வரப்போவதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் திவால் வழக்குகள் வந்து குவிந்தபோது ஒப்பந்தச் சட்டத்தையும் நிறுவனச் சட்டத்தையும் ஒழுங்காகப் படித்திருந்தவர்களே அவற்றை நடத்தினர்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் 2024 ஜூலை 1 அன்று நிகழ்ந்தது. இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. கொலைக்குத் தண்டனை தரும் பிரிவு 302 என்பது 103 ஆயிற்று. ஏமாற்றுக்காரர்களுக்குப் பட்டப் பெயராகவே நிலைத்துவிட்ட 420, 318-ம் பிரிவுக்குள் சென்றுவிட்டது. அன்றைய தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இளம் வழக்கறிஞர் இரண்டையும் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் உள்ளது. மூத்த மாணவர்கள் விட்டுச் சென்ற குறிப்பேடுகளை அப்படியே நம்ப முடியாத காலம் இது.

நீதிபதி கனவும் பாடத் தேர்வும்

தில்லியில் சட்டம் படிப்போரில் கணிசமானோர் கீழமை நீதிபதி பதவிக்கான தேர்வை மனத்தில் கொண்டு படிக்கின்றனர். அவர்களின் கணக்கு எளிமையானது. கட்டாயப் பாடங்களில்தான் தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் வருகின்றன. ஆகவே விருப்பப் பாடமாக எதை எடுத்தாலும் நேரம் பிடிக்காததாக இருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

அந்தக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டிய நிலை இப்போது வந்துள்ளது. பட்டம் பெற்ற கையோடு நீதிபதி தேர்வு எழுதும் வழியை உச்ச நீதிமன்றம் 2002-ல் திறந்துவிட்டது. அதே நீதிமன்றம் 2025 மே 20 அன்று அளித்த தீர்ப்பில், உரிமையியல் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிப்போர் குறைந்தது மூன்று ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மீண்டும் கொண்டுவந்தது. நீதிமன்றத்தின் நடப்பை நேரில் அறியாதவர்கள் நீதிபதி இருக்கையில் அமர்வதால் எழும் சிக்கல்களை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இதன் பொருள் என்ன? கல்லூரிக்கும் நீதிபதி தேர்வுக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் வந்து நிற்கின்றன. அந்த ஆண்டுகளில் ஒரு மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் பயனுள்ளவராக இருந்தாக வேண்டும். சட்ட விளக்க நெறிகள் போன்ற பாடங்கள் பகட்டில்லாதவை என்பதால் பலராலும் ஒதுக்கப்படுகின்றன. ஒரு சட்டத்தின் சொற்களை எப்படிப் படிப்பது, இரண்டு பிரிவுகள் மோதினால் எது நிற்கும் என்பதைக் கற்றுத்தரும் அந்தப் பாடம் எந்த நீதிமன்றத்திலும் தினந்தோறும் கைகொடுக்கும்.

வழக்கறிஞராகத் தொடர்ந்து தொழில் செய்யத் தேறியாக வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் கருத்தில் கொள்ளத்தக்கது. 2011 முதல் நடைபெறும் அத்தேர்வில் 100 கேள்விகள் கேட்கப்படுகின்றன. அரசமைப்புச் சட்டம், நடைமுறைச் சட்டங்கள் ஆகியவற்றுக்கே அதில் முதலிடம் என்றாலும், பார் கவுன்சிலின் கட்டாயப் பட்டியலில் தனிப் பாடமாக இல்லாத இணையவழிக் குற்றச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை போன்றவற்றிலிருந்தும் கேள்விகள் உண்டு. கல்லூரியில் இவற்றை எடுக்காதவர் பின்னர் தாமே படித்துக்கொள்ள வேண்டும்.

யாரும் எடுக்காத பாடங்கள்

நாட்டின் மாவட்ட, கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் அதிகமான வழக்குகள் தேங்கியுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை குற்றவியல் வழக்குகள். உரிமையியல் வழக்குகளின் நிலையைப் பற்றி 'தக்ஷ்' என்ற அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்காடிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் நிலம், சொத்துத் தகராறுகளுக்காகவே நீதிமன்றம் வந்திருந்தனர் என்பது தெரியவந்தது.

ஆனால் வேளாண்மையும் நிலமும் பற்றிய தொகுதியைத் தேடிச் செல்லும் மாணவர் அரிது. நடத்தும் கல்லூரிகளும் அரிது. தண்டனையியல், சிறை நிர்வாகம், சிறார் குற்றம் ஆகியவை வருமானம் தராத பாடங்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோரில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராமல் அடைபட்டிருக்கும் அவர்களுக்காக வாதாட ஆள் தேவை.

அந்தத் தேவைக்கு இப்போது ஊதியமும் கிடைக்கத் தொடங்கியுள்ளது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022-ல் அறிமுகப்படுத்திய இலவசச் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தின் கீழ், மாவட்டங்களில் வழக்கறிஞர்கள் முழுநேரப் பணியில் அமர்த்தப்படுகின்றனர். குற்றவியல் தொகுதியைப் படித்தால் பிழைப்பு இல்லை என்ற பேச்சு முழு உண்மையல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

தேர்ந்தெடுக்கும் முன்

படிவத்தில் கையெழுத்திடும் முன்பு மாணவர் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பணம் தேவையில்லை.

முதலாவது, பாடத்தின் பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைப் படிப்பது. ஊடகச் சட்டம் என்றதும் தொலைக்காட்சியை நினைத்துக்கொண்டு சேருபவர், அதில் பெரும்பகுதி அரசமைப்பின் 19-வது பிரிவும் அவதூறுச் சட்டமும் நீதிமன்ற அவமதிப்பும் என்பதை அறிந்து திகைப்பதுண்டு. தீர்ப்புகளின் தொகுப்பை வைத்துக் கற்பிக்கும் மரபு தில்லியில் உள்ளது. ஒரு பாடத்துக்குரிய தொகுப்பிலிருந்து ஏதேனும் ஒரு தீர்ப்பை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தால் போதும். மேலும் ஒன்றைப் படிக்கத் தோன்றுகிறதா இல்லையா என்பதிலேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது, நீதிமன்றத்துக்குச் சென்று அமர்வது. வழக்கு விசாரணை பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடைபெறுகிறது. தீஸ் ஹசாரியில் ஒரு முற்பகலும், பட்டியாலா ஹவுஸில் ஒரு பிற்பகலும் செலவிட்டால் குற்றவியல் வழக்கின் நடையும் உரிமையியல் வழக்கின் நடையும் எவ்வளவு வேறானவை என்பது விளங்கும்.

மூன்றாவது, பயிற்சிக் காலத்தைப் பாடத்துடன் இணைப்பது. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரங்களும், ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரங்களும் பயிற்சி பெற வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. திவால் சட்டம் படிப்பவர் தீர்ப்பாயத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞரிடமும், மனித உரிமைச் சட்டம் படிப்பவர் சட்ட உதவி மையத்திலும் அந்த வாரங்களைக் கழித்தால், வகுப்பில் கேட்டது கண்முன் நடக்கும்.

நான்காவது, ஆறு பாடங்களையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பது. எந்தத் துறைக்குச் சென்றாலும் உதவும் ஒன்று, செல்ல விரும்பும் துறைக்குரியது ஒன்று, மனத்துக்குப் பிடித்தது ஒன்று எனப் பிரித்துக்கொண்டால் பிற்காலத்தில் வருந்த வேண்டியிராது. ஒரே துறையில் சிறப்புப் பட்டம் பெற விழைவோருக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் அந்தத் தொகுதியிலேயே பாடங்களைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இவை அனைத்தையும்விட, கற்பிப்பவர் யார் என்பதைக் கேட்டறிவது நல்லது. வறண்டதாகத் தோன்றும் வரிச் சட்டத்தை வாழ்க்கைத் தொழிலாக மாற்றிவிடும் ஆசிரியர்களும் உண்டு. சுவையான பாடத்தைக் குறிப்பெழுதச் சொல்லியே கொன்றுவிடுபவர்களும் உண்டு.

கதவு மூடுவதில்லை

விருப்பப் பாடத்தில் தவறிவிட்டால் வாழ்க்கையே தவறிவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் இடமில்லை. 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பினரைத்தான் தொழில் செய்ய அனுமதித்துள்ளது. அதன் 30-வது பிரிவு அரை நூற்றாண்டுக் காத்திருப்புக்குப் பின் 2011 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற வழக்கறிஞர் நாட்டின் எல்லா நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் தொழில் செய்யும் உரிமையை அது வழங்குகிறது. கல்லூரியில் அவர் எந்த விருப்பப் பாடம் படித்தார் என்று எந்த நீதிமன்றமும் கேட்பதில்லை.

அப்படியானால் இந்தத் தேர்வுக்குப் பொருளே இல்லையா? உண்டு. முன்பின் தெரியாத ஒரு சட்டத்தைத் தானாகத் தேடி எடுத்து, அதன் அடிவரை சென்று பார்க்கும் பழக்கத்தை அது ஏற்படுத்துகிறது. பின்னாளில் கட்சிக்காரர் ஒருவர் இதுவரை கேள்விப்படாத ஒரு சிக்கலுடன் வந்து எதிரே அமரும்போது, வழக்கறிஞருக்கு உதவப் போவது அந்தப் பழக்கம்தான்.

அதுவரை, அறிவிப்புப் பலகையின் முன்னே கூட்டம் கூடிக்கொண்டேதான் இருக்கும். பட்டியலைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, நண்பர் எதை எடுக்கிறார் என்று கேட்டுவிட்டு நகருபவர்களுக்கு இடையே, சற்று நேரம் நின்று ஒவ்வொரு வரியாகப் படிப்பவர் ஒருவரும் இருப்பார். பாடத் தேர்வை அவர் அங்கேயே தொடங்கிவிட்டார்.